எந்தப் பக்கம் திரும்பினாள்

தான் வரும்வரை தொடக்கூடாது என்று கஸ்பார் சொல்லிவிட்டான். தொடமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். போனைக் குப்புறப் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன், நிமிர்ந்து கிடந்தால் விரல் தானாகப் போய்விடும் என்று. குப்புறப் போட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது. மின்விசிறியை இரண்டில் வைத்தால் புழுங்குகிறது, நாலில் வைத்தால் காலண்டர் படபடவென்று சுவரில் அடித்துக்கொள்கிறது, அந்தச் சத்தத்துக்கு என் கை மேசையில் தாளம் போட ஆரம்பித்துவிடுகிறது, தாளம் போட்டால் அந்தப் பாட்டு வந்துவிடுகிறது, பாட்டு வந்தால் ஜெசிந்தா திரும்புகிறாள், சிரிக்கிறாள். அதோடு நின்றுவிடுகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து யோசிக்கிற விஷயமா இது? சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையா என்று யோசிக்கலாம். போட்டேனா? டப்பாவைத் திறந்தால் தெரியும், டப்பா அடுக்களையில் இருக்கிறது, எழுந்து போனால் திரும்பி வரும்போது மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும், மேசையில் போன். வேண்டாம், அப்புறம் பார்க்கலாம். காலையில் அனிட்டா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் போனையும் டி.வி.யையும் இணைத்துக் காட்டிவிட்டுப் போனாள். "டாடி, இந்த நீலமா இருக்கிற லிங்க்கைத் தொடுங்க, டி.வி.ல வந்துரும். வேற எதையும் நோண்டாதீங்க." என் மகள் என்னிடம் பேசுவது அவள் அம்மா என்னிடம் பேசியதைப் போலவே இருக்கிறது. நான் நோண்டுகிறவன் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அம்மா எப்படி இருக்காங்கன்னு நானும் பார்க்கணும், எனக்கு வெச்சிருங்க" என்றும் சொன்னாள். அனிட்டா பிறந்த பிறகு அவள் அம்மா ஜெசிந்தா பேண்டில் பாடியதே இல்லை. கோயில் பாடல் குழுவில் நின்று வாயைப் பாதி திறந்து பாடிய அம்மாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

லிங்க்கை அனுப்பியது நர்மதா என்று ஒரு பெண்மணி, பெங்களூரில் இருக்கிறாராம், பழைய பேண்டுகள் பாடிய ஃபிலிம்களையும் டேப்புகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பதே அவருக்கு வேலை. இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறார்களோ. போன மாதம் முதலில் ஒன்று அனுப்பினார், ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் புது வருஷ டான்ஸுக்கு நாங்கள் வாசித்தது. யாரோ ஒரு டிரைவரின் மாமனார் சின்னக் கேமராவில் எடுத்திருக்கிறார், சத்தம் கிடையாது. நானும் கஸ்பாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஜெசி வாயைத் திறக்கிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நான் டிரம்மைக் காட்டுத்தனமாக அடிக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. என்ன பாட்டு என்று என் குச்சி போகிற வேகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்த்தோம், அதிலும் சண்டை. கஸ்பார் ஒன்றைச் சொன்னான், நான் இன்னொன்றைச் சொன்னேன். அந்தப் படத்தில் அவள் ஒரு தடவைகூடப் பின்பக்கம் திரும்பவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வந்திருப்பது டி.வி. நிலையத்தில் பதிவானது. அதில் அவள் திரும்பினாள், எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவனுக்கும் இருக்கிறது. நர்மதா எழுதியிருந்தார், அந்தக் காலத்தில் டேப் பஞ்சம், ஒரே டேப்பில் மேலே மேலே பதிவு செய்வார்களாம், அதனால் பாட்டின் முன்பாதி அழிந்துபோயிற்று, பின்பாதி கிடைத்திருக்கிறது என்று. பின்பாதி என்றால் எதுவரைக்கும்? அவள் திரும்புகிற இடம் இருக்குமா? கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். ஒரு கிழவன் இதை எப்படிக் கேட்பது? அம்மா, என் பெண்டாட்டி யாரைப் பார்த்தாள் என்று அதில் தெரிகிறதா?

எங்கள் பேண்டில் நாலு பேர். ஆர்தர் ஆர்கன், அவர்தான் தலைவர். கஸ்பார் பேஸ் கிட்டார். நான் டிரம்ஸ். ஜெசிந்தா பாட்டு. ஆர்தருக்குத் துறைமுகத்தில் வேலை, கப்பலில் வருகிறவர்களிடம் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடுகிற சோல் பாட்டு இசைத்தட்டுகளை வாங்கிவந்து நாள் முழுக்கக் கேட்பார், அந்த மாதிரிப் பாட்டைத் தமிழில் பாட வேண்டும் என்று ஒரு வெறி. ஜெசியைக் கோயில் பாடல் குழுவில் பிடித்தார். அங்கே மாஸ்டர் அவளைத் தினமும் திட்டுவாராம், தொண்டையை அடக்கு, மற்ற பெண்களின் குரல் கேட்க வேண்டாமா என்று. ஆர்தர் முதல் நாளே சொன்னார், "அடக்காத பாப்பா. வயித்துலேருந்து வரட்டும். வீட்ல யாரையோ திட்டணும்னு நினைச்சு முழுங்கி வெச்சிருப்ப இல்ல, அதை எடு." அவள் எடுத்தாள். நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். அந்த நாளிலிருந்து எனக்கு அவள்தான். கஸ்பாருக்கும் அந்த நாளிலிருந்துதான் என்பது எனக்கு அப்போது தெரியாது, அல்லது தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருந்திருப்பேன். அவன் உயரம், சுருட்டை முடி, கிட்டாரைத் தாழ்த்தி மாட்டிக்கொண்டு ஒரு காலை மடக்கி நிற்பான். நான் டிரம்முக்குப் பின்னால் பாதி ஆள்தான் தெரிவேன். யாராவது திரும்பிப் பார்த்தால் கஸ்பாரைத்தான் பார்ப்பார்கள். இதை இப்போது யோசிக்க வேண்டாம். மணி என்ன? பார்க்க வேண்டுமென்றால் போனை நிமிர்த்த வேண்டும். சுவர்க் கடிகாரம் பேட்டரி இல்லாமல் நின்று எத்தனையோ நாள் ஆகிறது, அனிட்டா வாங்கிவருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஜெசி இருந்தால் இப்படி நின்றிருக்காது.

டி.வி. வந்த புதிது. எங்களைக் கூப்பிட்டது எப்படி என்று தெரியாது, ஆர்தர் யாரையோ பிடித்திருக்கிறார். ஸ்டுடியோ உள்ளே வெளிச்சம் போட்டால் அனல், அணைத்தால் ஏ.சி. குளிர், என் டிரம் தோல் ஒரு நிமிஷம் இறுகும், ஒரு நிமிஷம் தொங்கும். ஜெசி அவள் அம்மாவின் மெரூன் சேலை கட்டியிருந்தாள். மெரூன் எல்லாம் டி.வி.யில் கறுப்பாகத்தான் தெரியும் என்று ஒருவர் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டார்கள். அவள் முன்னால், ஆர்தர் ஓரமாக, பின்னால் இடது பக்கம் நான், வலது பக்கம் கஸ்பார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒரு பெட்டியைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், முதுகு எங்கள் பக்கம், ஒயர் ஒயராகத் தொங்கியது, தொட்டால் சூடு. டிரான்ஸ்ஃபார்மர் போலிருக்கிறது என்றான் கஸ்பார். நான் குடித்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்தேன். ஒருவர் ஓடிவந்து, "யோவ், அறிவிருக்கா? அது என்ன விலைன்னு தெரியுமா?" என்று கத்தினார். ஜெசி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அது கணக்கில் வராது, ஒரு கோமாளியைப் பார்த்தால் யாரும்தான் சிரிப்பார்கள். பிறகு பாட்டு. ஆர்தர் எழுதிய பாட்டு, கடைசியில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும், "யாரு கூப்பிட்டா நான் திரும்புவேன்". அவள் அதை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிப் பாடுவாள், கெஞ்சலாக, கோபமாக, பிறகு வார்த்தையே இல்லாமல் வெறும் மூச்சாக. ஒத்திகையில் அவள் திரும்பியதே கிடையாது. அன்றைக்கு, வெளிச்சத்தில், கேமரா முன்னால், வரியைப் பாடிவிட்டு முழுசாகப் பின்பக்கம் திரும்பினாள், ஒரு கணம் பார்த்தாள், கண் அகலமாக விரிந்தது, குலுங்கிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கையைத் தலைக்குக் கொண்டுபோனாள், முன்பக்கம் திரும்பினாள். என் குச்சி ஒரு அடி தவறிவிட்டது. ஆர்தர் என்னை முறைத்தார். அன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அவளிடம் கேட்டேன், கட்டிக்கிறியா என்று. யோசிக்கணும் என்றாள். யோசித்தாள். சரி என்றாள். யோசித்தாள் என்பதை நான் இத்தனை வருஷம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எல்லாம் அந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வந்த வினை. போன வருஷம் சாம்பல் புதன் வருவதற்கு முன்னால் ஜெசி போய்விட்டாள். சிறுநீரகம். கடைசியில் பேச்சு இல்லை, முனகல்தான், அந்த முனகலிலும் ஒரு ராகம் இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் பிரியாணி போட்டோம். கஸ்பார் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கிராம்பு மென்றால் தெரியாது என்று நினைப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான். "டேய் இருதயம், கோச்சுக்காதடா. அன்னைக்கு டி.வி. ஸ்டேஷன்ல அவ திரும்பினா இல்ல. என்னைப் பார்த்துத்தான்டா சிரிச்சா. நான்தான் மடையன், வாயைத் திறந்து கேக்கல. நீ கேட்ட. உனக்குக் கெடைச்சுது. அவ்ளோதான். நல்லாத்தானே வெச்சிருந்த." சொல்லிவிட்டு அழுதான். எல்லோரும் என்னைத் தேற்றுவதை விட்டு அவனைத் தேற்றினார்கள். நான் இலையில் இருந்த வெங்காயப் பச்சடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை, என்னைப் பார்த்துத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சாவு வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? அடுத்த நாள் அவனுக்கு ஞாபகமே இல்லை என்கிறான். ஞாபகம் இருக்கிறது, அந்தப் பயலை எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு இரண்டு பேரும் முன்னைவிட அதிகமாகச் சந்தித்துக்கொள்கிறோம். வெறுப்பு இருந்தால் விலகலாம். வெறுப்பு வரவில்லை, அரிப்புதான் வருகிறது. இரண்டு பேரிடமும் ஒரே காட்சி இருக்கிறது, ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து. ஜெசியிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அவள் இருந்தவரை எனக்குக் கேட்க என்ன இருந்தது? சந்தேகமே இல்லாதவன் எதைக் கேட்பான்?

ஆனால் சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பழையதையெல்லாம் கிளறுகிறது. கஸ்பார் வருகிற ஞாயிறுகளில் வவ்வால் மீன் வாங்கச் சொல்வாள். சாதாரண ஞாயிறுகளில் சங்கரா. வவ்வால் மீன் விருந்தாளிக்கு, சரி, விருந்தாளி என்றால் அவன் மட்டும்தானா? என் அண்ணன் வந்தபோது என்ன மீன்? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை, அண்ணனுக்கு மீனே ஆகாது. மீன் நறுக்கும்போது அந்தப் பாட்டை முனகுவாள், "யாரு கூப்பிட்டா", செதிள் தேய்க்கிற சத்தத்தோடு சேர்ந்து கேட்கும். அவன் வருகிற நாளில் மட்டும் முனகினாளா, எல்லா நாளுமா? பேண்டை விட்டதற்கு என்ன காரணம் சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. எனக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட், அனிட்டா பிறந்தாள், ஆர்தர் ஊரைவிட்டே போய்விட்டார், ஒரு நாள் பார்த்தால் பேண்டு இல்லை. அல்லது கஸ்பார் பக்கத்தில் நின்று பாட முடியாமல் விட்டாளா? பார், எங்கே போகிறது புத்தி. இது போதாதென்று ஒளிபரப்பான அன்றைக்கு நடந்ததும் ஞாபகம் வருகிறது. எங்கள் யார் வீட்டிலும் டி.வி. கிடையாது. பங்குச் சாமியார் பங்களாவில் ஒன்று இருந்தது, தெருவே அங்கே கூடிவிட்டது. அறிவிப்பு செய்கிற அம்மா ஜெசிந்தா என்று பெயரைச் சொன்னார், கரண்ட் போய்விட்டது. இருட்டில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து காத்திருந்தோம். வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ஜெசிதான், "சரி, விடு, என்ன இப்ப" என்றாள். மறுபடி ஒருநாளும் போடவில்லை. வேறு ஊர்களில் பார்த்தவர்கள் உண்டு, வேலூரிலிருந்து அவள் சித்தி பார்த்தேன் என்று எழுதினாள், டி.வி. நிலையத்து வாட்ச்மேன்கூடப் பார்த்திருப்பான், அவள் மட்டும் தன்னைப் பார்க்கவில்லை. அன்று இரவு பங்களாவிலிருந்து வருகிற வழியில் என்னிடம் கேட்டாள், "பார்த்தவங்களுக்கு க்ளிப் தெரிஞ்சிருக்கும் இல்ல?" என்ன க்ளிப் என்றேன். "கொண்டையில. எங்க அம்மாவோடது, பெரிய எவர்சில்வர் க்ளிப். பூவை வெச்சு மறைச்சேன், பூ நழுவிருச்சு." இதையேதான் பதிவு முடிந்த அன்றைக்கும் பஸ் நிறுத்தத்தில் எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டாள், பின்னாடி க்ளிப் தெரிஞ்சுதா, க்ளிப் தெரிஞ்சுதா என்று. கஸ்பார், "அதை யாரு பார்த்தா" என்றான். நான், "அதெல்லாம் தெரியல, நல்லாருந்துச்சு" என்றேன். பெண்களுக்கு எப்போது எதைப் பற்றிக் கவலை வரும் என்று சொல்ல முடியாது. நான் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு வானத்தில் இருந்தேன், இவள் க்ளிப்பைப் பற்றிக் கேட்கிறாள்.

பார்த்துவிடலாமா? அவன் வந்ததும் இப்போதுதான் பார்க்கிறேன் என்கிற முகத்தை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ள முடியாது, என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும், ஜெசி சொல்வாள், உங்களை வைத்துக்கொண்டு ஒரு பிறந்தநாள் பரிசு வாங்க முடியாது என்று. தவிர, தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதுதான் உண்மை. வலது பக்கம் திரும்பினாள் என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அவள் படம் அதோ சுவரில் இருக்கிறது, சின்ன சிவப்பு பல்பு எரிகிறது, அனிட்டாவின் கல்யாணத்தில் எடுத்தது. அந்தப் படத்தின் கீழேதான் டி.வி. அவளுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவளை வேவு பார்க்கப் போகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் படுத்து, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து, கடைசியில் மூத்திரப்பை மாற்றி எல்லாம் செய்தாகிவிட்டது, அதெல்லாம் ஒரு கணத்துத் திரும்பலுக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆகாது என்று தெரிகிறது, ஆனால் பயம் கேட்க மாட்டேன் என்கிறது. அதற்கு யார் புத்தி சொல்வது? படியில் சத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி. கஸ்பாரின் முழங்கால். அயனாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி இந்த மாடியை ஏறுவதற்குள் அவன் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன். சுருட்டை முடி இருந்த இடத்தில் இப்போது வழுக்கை, வேர்வை, கையில் சமோசாப் பொட்டலம்.

"பார்த்துட்டியா?" என்றான், உள்ளே வருவதற்கு முன்பே. "இல்லடா." "சத்தியமா?" "போன் குப்புறக் கிடக்கு பாரு." "குப்புறப் போட்டா பார்க்கலன்னு அர்த்தமா?" என் முகத்தை உற்றுப் பார்த்தான், பார்க்கவில்லை என்று தெரிந்திருக்கும், தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். வாயில் வைக்காமலே டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டான். இவனுக்கும் பயம்தான் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, அப்புறம் அதற்காக வெட்கமாக இருந்தது. "போடு" என்றான். "நீ சமோசா சாப்பிடு முதல்ல." "போடுடா." நீல லிங்க்கைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். டி.வி.யில் ஒருவர் வந்தார், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையில் கத்திரிக்காய். தண்டுத் துளைப்பான் புழு எப்படி உள்ளே போகிறது என்று நிதானமாக விளக்கினார். கத்திரிக்காயைப் பிளந்து காட்டினார். "என்னடா இது?" என்றான் கஸ்பார். "மேலே பதிவு பண்ணியிருக்காங்க, அந்தம்மா சொன்னாங்க இல்ல." "முழுசும் கத்திரிக்காதானா?" எனக்கு ஒரு பக்கம் பதற்றம், ஒரு பக்கம் முழுசும் கத்திரிக்காயாகவே இருந்துவிடட்டும் என்று ஆசை. புழு வந்த செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நெளிந்தார், திரை முழுக்கக் கோடு ஓடியது, அந்தக் கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. முகத்துக்கு முன்னால் குரல். "யாரு கூப்பிட்டா." நான் மறந்துவிட்டிருந்தேன். ஞாபகம் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் என்னிடம் இருந்தது மீன் நறுக்கும்போது கேட்ட முனகல்தான், இதல்ல. இது வீட்டுக்குள் அடங்குகிற குரல் இல்லை. கஸ்பார் சமோசாவைப் பிடித்த கையை அப்படியே வைத்திருந்தான். முகம் வந்தது. கறுப்பு வெள்ளையில் இருபத்துச் சொச்சம் வயது முகம், வியர்வை மின்னுகிறது, கண்ணை மூடியிருக்கிறாள். என் டிரம் கேட்கிறது, கொஞ்சம் அவசரப்படுகிறேன். அவன் பேஸ் என்னை இழுத்துப் பிடிக்கிறது. கெஞ்சிப் பாடினாள். கோபமாகப் பாடினாள். வார்த்தை போய் மூச்சு மட்டும் வந்தது. "இப்ப" என்றான் கஸ்பார். "தெரியும், சும்மா இரு."

கேமரா மாறியது. தூரத்திலிருந்து, எல்லோரும் தெரிகிற மாதிரி. இடது பக்கம் டிரம்முக்கு மேல் என் தலை. வலது பக்கம் காலை மடக்கிக்கொண்டு கஸ்பார். நடுவில் அந்தப் பெட்டி, நாங்கள் முதுகை மட்டுமே பார்த்த பெட்டி. அதன் முகம் இந்தப் பக்கம் இருந்தது. ஒளிபரப்பில் தெரியக்கூடாத பெட்டி அது, யாரோ தவறுதலாகக் கேமராவை அகலமாகத் திறந்துவிட்டார்கள். ஸ்டுடியோவில் என்ன பதிவாகிறதோ அதை அங்கேயே காட்டுகிற ஒரு டி.வி.தான் அந்தப் பெட்டி. அதற்குள்ளும் குட்டியாக நான், குட்டியாகக் கஸ்பார், எங்கள் முன்னால் குட்டியாக ஜெசி. வரியை முடித்தாள். திரும்பினாள். இடது பக்கம் இல்லை. வலது பக்கம் இல்லை. நேராக நடுவில் திரும்பினாள், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்தப் பெட்டியைப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கத்தான் திரும்பியிருக்கிறாள். டி.வி.யில் நாம் எப்படி இருக்கிறோம் என்று ஒரே ஒரு கணம் பார்த்துவிட ஆசைப்பட்டிருக்கிறாள், பாவம், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினால் பெட்டியில் முதுகுதான் தெரியும் என்பது தோன்றவில்லை. பெட்டிக்குள் மெரூன் சேலையின் முதுகு, கறுப்பாக. ஒரு பக்கம் நழுவித் தொங்குகிற பூச்சரம். கொண்டைக்குக் குறுக்கே, வெளிச்சம் பட்டுப் பளீரென்று, ஒரு பெரிய எவர்சில்வர் க்ளிப். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டே கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் பூவை இழுத்து க்ளிப்பை மூடினாள், சிரிப்பு அடங்காமலே முன்பக்கம் திரும்பினாள், அடுத்த வரியை அந்தச் சிரிப்போடு சேர்த்தே பாடினாள். பின்னால் ஒரு அடி தவறியது, அது நான். திரையில் நானும் கஸ்பாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம், இரண்டு பேர் முகத்திலும் ஒரே பெருமை. பாட்டு முடிவதற்குள் மறுபடி கோடு ஓடிப் படம் நின்றுவிட்டது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, காலண்டர் அடித்துக்கொண்டிருந்தது. கஸ்பார்தான் முதலில் சத்தம் போட்டான், அழுகிறானோ என்று பார்த்தேன், சிரிக்கிறான், சிரித்து இருமல் வந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். "க்ளிப்புடா. டேய், க்ளிப்பு. பஸ் ஸ்டாப்ல கேட்டா இல்ல." "கேட்டா." "நான் என்ன சொன்னேன்?" "யாரு பார்த்தான்னு சொன்ன." "நீ?" "தெரியலன்னு சொன்னேன்." எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், அவன் பக்கம் இல்லை, அது போதுமே, அதற்குத்தானே இத்தனை நாள் தூக்கம் கெட்டது. நிம்மதி வரவில்லை. அவளுக்கு எங்கள் இரண்டு பேரையும் பற்றி நினைப்பே இல்லை அந்தக் கணத்தில், அவளுக்கு அவளைப் பார்க்க வேண்டியிருந்தது, முதுகுதான் கிடைத்தது, பங்களாவில் கரண்ட் போயிற்று, அப்புறம் முகம் கிடைக்கவே இல்லை. இப்போது முகம் என் கையில் இருக்கிறது. நாங்கள் அதையாவது பார்த்தோமா? இப்போதுகூடத் திரும்புகிற இடம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம், அதற்கு முந்தின முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. "மறுபடி போடு" என்றான் கஸ்பார், "இந்தத் தடவை பேசாம பார்க்கலாம்." போட்டேன். கத்திரிக்காய்க்காரர் வந்தார், புழுவைக் காட்டினார், காத்திருந்தோம். குரல் வந்தது, முகம் வந்தது. நான் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனேன். மூக்கின் மேல் வியர்வை. இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்திருக்கிறாள், எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறாள். திரும்பினாள், பெட்டிக்குள் அவள் முதுகு, கை தலைக்குப் போனது. மேலே சுவரில் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்து, கஸ்பார் இருக்கிறான் என்கிற கூச்சம்கூட இல்லாமல், சத்தமாகவே சொன்னேன்.

"தெரிஞ்சுது ஜெசி. க்ளிப் நல்லாவே தெரிஞ்சுது."